கறுப்பு கோட்டு கம்பெனிக்குப் போனா...

எங்க ஊர்ப்பக்கம் ஒரு பையன் பன்னெண்டாவது முடிச்சா அவனுக்கு மூணு வழி. மார்க் நெறைய இருந்தா டாக்டர். சுமாரா இருந்தா இன்ஜினியர். ரொம்ப சுமாரா இருந்தாலும் இன்ஜினியர் (கவுன்சிலிங் கடைசி ரவுண்டுல சீட்டு காத்தாடுதே!). சட்டம்ங்கறது லிஸ்ட்லயே கிடையாது. "வக்கீலுக்குப் படிக்கப் போறேன்"னு வாயைத் தொறந்தா, "ஏன்டா, ஒழுங்கா ஒரு வேலைக்குப் போற படிப்பா படிக்கக்கூடாதா"ன்னு சித்தப்பாலேர்ந்து டீக்கடைக்காரர் வரைக்கும் கேப்பாங்க. பெரம்பலூர், அரியலூர் ரெண்டு ஊருமே இதுல ஒண்ணுதான். மத்தபடி, 1995-ல சேர்த்து, 2001-ல பிரிச்சு, 2002-ல மறுபடி சேர்த்து, 2007-ல மறுபடி பிரிச்சுன்னு அரசாங்கமே குழம்பிப் போன ரெண்டு ஊர் இது :-)

நானும் அந்த ரெண்டாவது வழியில வந்து இப்ப பொட்டி தட்டிக்கிட்டு இருக்கற ஆளுதான். அதனால இன்ஜினியரிங்கைக் குறை சொல்ல வரல. ஆனா வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு விஷயம் உறைச்சது. நாங்க நாலு பேர் மூணு மாசம் ராப்பகலா எழுதற புரோகிராம் கடைசியில யாருக்குச் சொந்தம்ங்கறத முடிவு பண்றது ஒப்பந்தத்துல இருக்கற ஒரே ஒரு பத்தி. அந்தப் பத்திய எழுதினவருக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்ல. மீட்டிங்ல எல்லாரும் பேசி முடிச்ச பிறகு, மூலையில உக்காந்திருக்கற லீகல் ஆளு தொண்டையைச் செருமினா மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் திரும்பும்.

அதே கண்ணோட நம்ம ஊரைப் பாருங்க. அரியலூரைச் சுத்தி வரிசையா சிமெண்ட் ஆலை. அரசாங்கத்தோட டான்செம், கோவிந்தபுரத்துலயும் ஆலத்தியூர்லயும் ராம்கோ, ரெட்டிபாளையத்துல அல்ட்ராடெக், கீழப்பழுவூர்ல செட்டிநாடு, தளவாய்ல இந்தியா சிமெண்ட்ஸ் (2024 டிசம்பர்ல அந்தக் கம்பெனியே அல்ட்ராடெக் கைக்குப் போயிடுச்சு). சூளை எரியறதுக்கு இன்ஜினியர் வேணும், சரி. ஆனா எந்த சர்வே நம்பர்ல தோண்டலாம், எத்தனை வருஷம் தோண்டலாம், தோண்டின குழியை என்ன பண்ணணும், அப்படிங்கறதெல்லாம் காகிதம். 2015-ல கனிமச் சட்டத்தைத் திருத்தின பிறகு சுண்ணாம்புக்கல்லுக்குப் புதுக் குத்தகை ஏலத்துல, 50 வருஷத்துக்கு. அம்பது வருஷம்! அந்தக் காகிதத்துல முதல் நாள் விழற ஒரு வார்த்தை, கையெழுத்து போட்டவரோட பேரன் காலம் வரைக்கும் ஊரை ஆளும்.

ஆக, கம்பெனிக்குள்ள போய் உக்காந்த வக்கீல்ங்கற ஆளைப் பத்திதான் இந்தப் பதிவு. கோர்ட்டுக்கு வெளியில ஃபைலோட நிக்கற கம்பெனி வக்கீல் இல்ல. கறுப்பு கோட்டைக் கழட்டி மாட்டிட்டு, கம்பெனியை நடத்தவே போனவர். இதுக்கு நம்ம தமிழ்நாட்டுல நான் பார்த்தவரைக்கும் முதல் பெரிய உதாரணத்துக்கு அரியலூர்லேர்ந்து தூத்துக்குடிக்குப் போகணும், அதுவும் 1906-க்குப் போகணும். ஆனா அந்த மனுஷர் சட்டம் படிச்சது நம்ம திருச்சியில. அப்ப நம்ம ரெண்டு ஊருமே திருச்சி ஜில்லாதான். அந்த உரிமையில எடுத்துக்கறேன்.

வ.உ.சிதம்பரம் பிள்ளை. யெஸ், அவரேதான்.

வ.உ.சி.ன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கோவை ஜெயில் செக்கு. 1961-ல வந்த படத்துல சிவாஜி. பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியில ஒட்டு மீசை. எல்லாம் சரிதான், நான் குறைச்சுச் சொல்லல. ஆனா ஒரு தடவை அவரோட வாழ்க்கையை ஒரு பயோடேட்டாவா படிச்சுப் பாருங்க. எச்.ஆர். மேசையில உக்காந்து படிக்கற மாதிரி. வேற ஒரு ஆள் தெரிவார்.

1872 செப்டம்பர் 5, ஒட்டப்பிடாரம். அப்பா உலகநாத பிள்ளையும் வக்கீல். பையன் கொஞ்ச நாள் தாலுகா ஆபீஸ்ல குமாஸ்தா, அப்புறம் திருச்சியில சட்டப் படிப்பு, 1895-ல ப்ளீடர். உள்ளூர்லயே ஏழை பாழைகளுக்காக கிரிமினல் கேஸ் நடத்துறார். 1900-ல தூத்துக்குடிக்கு மாறுறார். இதுவரைக்கும் பார்த்தா, நம்ம பெரம்பலூர் கோர்ட் வாசல்ல டீ குடிச்சுக்கிட்டு நிக்கற எந்த வக்கீலுக்கும் இவருக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

தூத்துக்குடி - கொழும்பு கப்பல் போக்குவரத்து அப்ப பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி கையில. உள்ளூர்ல அவங்களுக்கு ஏஜெண்ட் ஹார்வி கம்பெனி. 1905-ல வங்கத்தைப் பிரிச்ச பிறகு நாடு பூரா சுதேசி அலை. சீமைத் துணியை எரிக்கறாங்க, கூட்டம் போடறாங்க, பேசறாங்க. இவரும் பேசினார். ஆனா கூடவே ஒண்ணு பண்ணார் பாருங்க, அங்கதான் வக்கீல் தெரியறார். 1906 அக்டோபர் 16-ம் தேதி, சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனின்னு, கம்பெனி சட்டத்துல முறையா பதிவு பண்ண ஒரு பங்கு நிறுவனம். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு 40,000. பங்கு ஒண்ணுக்கு 25 ரூபாய்.

இந்த 25 ரூபாயை நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். அன்னைக்கு அது சின்னக் காசு இல்ல. ஆனா ஜமீன்தாரும் மொத்த வியாபாரியும் மட்டுமே போடற காசும் இல்ல. ஆயிரம் ரூபாய்னு வெச்சிருந்தா பத்துப் பேர்ல கதை முடிஞ்சிருக்கும். ஒரு ரூபாய்னு வெச்சிருந்தா உண்டியல் ஆகியிருக்கும். வெள்ளைக்காரனை எதிர்க்க வெள்ளைக்காரனோட கம்பெனி சட்டத்தையே எடுத்து, அதுல போட்ட காசுக்கு மேல யாருக்கும் நஷ்டம் வராதுங்கற பாதுகாப்பையும் குடுத்து, பணத்தைத் திரட்டறது. இது மேடைப் பேச்சாளர் மூளையில வர்ற விஷயம் இல்ல. தினம் பத்திரத்தோட பொழங்கற ஆளுக்குத்தான் வரும்.

தலைவர், பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1901-ல மதுரைத் தமிழ்ச் சங்கம் ஆரம்பிச்சவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்கு வாங்கறார், அதாவது 2 லட்சம் ரூபாய், மொத்தத்துல அஞ்சுல ஒரு பங்கு. நம்ம ஆளுக்கு என்ன பதவி தெரியுமா? உதவிச் செயலாளர். 'உதவி'ங்கற வார்த்தையைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. எங்க ஆபீஸ்லயும் 'அசோசியேட்'னு போர்டு மாட்டின ஆளுதான் முழு வேலையையும் பார்ப்பார் :-) பங்கு விக்கறது, ஊர் ஊரா போறது, கப்பலுக்கு அலையறது எல்லாம் இவர்.

இப்ப மெயின் மேட்டருக்கு வர்றேன்.

கம்பெனிக்கு முதல்ல சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாய் ஷாலைன் ஸ்டீமர்ஸ் கம்பெனிகிட்ட வாடகைக்கு எடுத்து ஓட்டறாங்க. எதிராளி சும்மா இருப்பானா? ஷாலைனை நெருக்கறான். ஷாலைன் கப்பலைத் திருப்பி எடுத்துக்கிட்டான். நடுத்தெருவுல, இல்ல, நடுக்கடல்ல விட்ட மாதிரி ஆயிடுச்சு. ஒரு நிமிஷம் நீங்க அந்த இடத்துல இருக்கறதா நெனைச்சுப் பாருங்க. நீங்க ஒரு வக்கீல். உங்க கையில ஒப்பந்தம் இருக்கு. எதிராளி அதை மீறிட்டான். வக்கீல் என்ன பண்ணுவார்? நோட்டீஸ் விடுவார். கேஸ் போடுவார். மூணு வருஷம் கழிச்சு ஜெயிக்கவும் ஜெயிப்பார். அதுக்குள்ள பயணிங்க எல்லாம் எதிராளி கப்பல்ல ஏறிப் போயிருப்பாங்க.

இவர் உடனே கொழும்புலேர்ந்து ஒரு கப்பலை வாடகைக்குப் புடிச்சு ஓட்டத்தை நிறுத்தாம பாத்துக்கிட்டார். அப்புறம் சொந்தக் கப்பல் இல்லாம சரிப்படாதுன்னு பம்பாய்க்குக் கிளம்பிட்டார். 1907-ல எஸ்.எஸ்.காலியா வந்தது. பிரான்ஸ்லேர்ந்து லாவோ வந்தது. ஒவ்வொண்ணும் ஆயிரத்துக்கு மேல பயணிகளை ஏத்தற கப்பல்.

என்னைக் கேட்டா, ஒட்டப்பிடாரம் ப்ளீடர் கம்பெனி நிர்வாகி ஆனது கம்பெனி பதிவான அன்னைக்கு இல்ல. ஷாலைன் காலை வாரின அன்னைக்கு. வக்கீல் மூளை "தப்பு யார் பேர்ல?"ன்னு கேக்கும். நிர்வாகி மூளை "நாளைக்குக் காலையில கப்பல் கிளம்புமா கிளம்பாதா?"ன்னு கேக்கும். முதல் கேள்விக்குப் பதில் தெரிஞ்சும் ரெண்டாவது கேள்விக்குப் பின்னால போறதுக்கு ஒரு மனசு வேணும். எத்தனையோ நல்ல வக்கீலுங்க கம்பெனிக்குள்ள போய் வீணாப் போறது இந்த இடத்துலதான்னு நெனைக்கறேன். எதைக் கேட்டாலும் "முடியாது, ரிஸ்க்"னு சொல்லியே ரிடையர் ஆயிடுவாங்க. சரியாவும் சொல்லியிருப்பாங்க, அதான் சோகம்.

அப்புறம் வந்தது கட்டணச் சண்டை. இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. பிரிட்டிஷ் கம்பெனி டிக்கெட்டைக் குறைச்சது, இவங்களும் குறைச்சாங்க, கடைசியில அவன் டிக்கெட்டே வேணாம், சும்மா வா, ஏறினா ஒரு குடையும் தர்றேன்னு இறங்கிட்டான். இன்னைக்கு டாக்ஸி ஆப்புங்களும் சாப்பாட்டு ஆப்புங்களும் பண்றது அச்சு அசல் இதுதான். ஆழமான பாக்கெட் இருக்கறவன் நஷ்டத்துல ஓட்டி எதிராளியைச் சாகடிக்கறது. இதுக்கு இன்னைக்குச் சட்டம் இருக்கு, போட்டி ஆணையம் இருக்கு. 1907-ல யார்கிட்ட போய்ச் சொல்றது? வக்கீலுக்கே கோர்ட் இல்லாத நிலைமை.

இனிமே நான் சொல்றதுக்கு யாரும் அடிக்க வராதீங்க.

1908 பிப்ரவரி கடைசியில தூத்துக்குடி கோரல் மில் ஸ்ட்ரைக். வ.உ.சி. தொழிலாளிங்க பக்கம் நின்னு முன்னால நடத்தறார். கூலி உயர்வும் ஞாயித்துக்கிழமை லீவும் கிடைச்சுது. மில்லு யாரோடது? ஹார்விங்களோடது. அதாவது எதிர்க் கப்பல் கம்பெனியோட ஏஜெண்ட். மார்ச் 12-ம் தேதி அரெஸ்ட். ஜூலையில நீதிபதி பின்ஹே தீர்ப்பு: ரெண்டு ஆயுள் தண்டனை, இருபதும் இருபதும் நாப்பது வருஷம் (அப்பீல்ல குறைஞ்சுது). கம்பெனி பதிவானதுலேர்ந்து அரெஸ்ட் வரைக்கும் கணக்குப் போட்டா பதினேழு மாசம் கூட நெறையல. அவ்வளவுதான் அந்த நிர்வாகியோட சர்வீஸ்.

ஒரு கம்பெனி அதிகாரியா மட்டும் பார்த்தா, பங்குக்காரங்க காசு தன் தலையில இருக்கும்போது அவர் ஜெயிலுக்குப் போற பாதையில நடந்தது சரியில்லன்னுதான் சொல்லணும். அவர் இல்லாம கம்பெனி நடக்க ஆள் தயாரா இல்ல. 1911-ல கம்பெனியைக் கலைச்சு, கப்பல் எதிராளி கைக்கே போச்சு. இன்னைக்கு எந்த போர்டு மீட்டிங்லயும் இதை 'ஒரே ஆளை நம்பின ஆபத்து'ன்னு சொல்வாங்க. அது நிஜமும் கூட.

ஆனா இன்னொண்ணும் இருக்கு. ஒட்டப்பிடாரத்துல ஏழைங்களுக்கு கேஸ் நடத்தின அதே ஆளுதான் கோரல் மில் வாசல்ல நின்னார். கம்பெனிக்குள்ள போகும்போது அவர் கோட்டைத்தான் கழட்டினார், கட்சிக்காரங்களைக் கழட்டி விடல. பங்குக்காரர் ஒரு கட்சிக்காரர்னா, துறைமுகத்துல மூட்டை தூக்கறவனும் மில் தொழிலாளியும் இன்னொரு கட்சிக்காரர். ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீலா இருக்க முடியாதுன்னு சட்டப் புத்தகம் சொல்லும். அவர் இருந்து பார்த்தார். அதுக்கு என்ன விலைன்னும் கட்டினார்.

1912 டிசம்பர் 24 விடுதலை. வெளியில வந்தா கம்பெனி இல்ல, வக்கீல் சன்னதும் இல்ல. மெட்ராஸ்ல கடை வெச்சுப் பார்த்தார். கோயம்புத்தூர்ல கொஞ்ச காலம் ஒரு வங்கியில மேனேஜர் (பாருங்க, மறுபடியும் கம்பெனி உத்தியோகம்!). வருமானம் பத்தல. சன்னதைத் திருப்பிக் கேட்டார். வாலஸ்ங்கற ஆங்கிலேய நீதிபதியோட தயவுல அது கிடைச்சுது. அந்த நன்றிக்குத் தன் கடைசிப் பையனுக்கு வாலேஸ்வரன்னு பேர் வெச்சார். கோவில்பட்டியில மறுபடி கோட்டு, மறுபடி கோர்ட். 1932-ல தூத்துக்குடிக்குத் திரும்பி, 1936 நவம்பர் 18-ல போய்ச் சேர்ந்தார். வக்கீல், நிர்வாகி, கைதி, கடைக்காரர், வங்கி மேனேஜர், திரும்ப வக்கீல். எந்த எச்.ஆர். இதை ஷார்ட்லிஸ்ட் பண்ணும், சொல்லுங்க.

இதுக்குப் பக்கத்துல இன்னொரு வக்கீலையும் வெச்சுப் பார்க்கணும். சுதேசி கம்பெனி பதிவாகி ஒரு வாரம் கூட ஆகல, அதே 1906 அக்டோபர்ல மெட்ராஸ்ல ஆர்பத்நாட் வங்கி திவால். ஆயிரக்கணக்கான பேர் சேமிப்பு போச்சு. ஹைகோர்ட் வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயர், பணம் போட்டவங்களுக்காக வாதாடினதோட நிக்காம, செட்டியார்களைச் சேர்த்து நமக்கு நாமே ஒரு வங்கின்னு முன்னால நின்னார். 1907 ஆகஸ்ட் 15 இந்தியன் பேங்க் திறந்தாச்சு. ஆனா அவர் கோட்டைக் கழட்டல. வக்கீலாவே இருந்து, பிறகு ஹைகோர்ட் நீதிபதி ஆனார். வங்கி இன்னைக்கும் இருக்கு, பெரம்பலூர்ல கூட. கப்பல் கம்பெனி அஞ்சு வருஷத்துல போச்சு.

அப்ப கரையில நின்னு வழி சொன்னவர்தான் புத்திசாலின்னு ஆயிடுதான்னு கேட்டா, நான் ஒத்துக்க மாட்டேன். வங்கியை ஒழிக்கறதுக்குன்னு யாரும் குடை குடுக்கல. தவிர, வழி சொல்றவருக்குக் கால் நனையாது. ரெண்டு பேருமே வேணும், ஆனா ரெண்டும் ஒரே தொழில் இல்ல. (மூணாவதா ஒருத்தர்: டி.வி.சுந்தரம் ஐயங்கார். வக்கீல் தொழில்லதான் ஆரம்பிச்சார், அப்புறம் ரயில்வே, வங்கின்னு மாறி, 1911-ல டி.வி.எஸ். ஆரம்பிச்சு, மதுரையில பஸ் விட்டார். அவருக்கு வக்கீல் கோட்டு சும்மா போட்டுப் பார்த்த சட்டை மாதிரி. அது தனிப் பதிவு மேட்டர்.)

ரெண்டும் ஒரே தொழில் இல்லன்னு நான் சொல்றது ஏதோ தத்துவம் இல்ல, சட்டமே அப்படித்தான் சொல்லுது. நம்ம ஆளுங்க நெறையப் பேருக்கு இது தெரியாது. பார் கவுன்சில் விதிப்படி, பிராக்டீஸ் பண்ற வக்கீல் சொந்தமா வியாபாரம் பண்ணக்கூடாது. கம்பெனியில டைரக்டரா இருக்கலாம், நிர்வாக வேலை பார்க்காத வரைக்கும். மேனேஜிங் டைரக்டராவோ செக்ரட்டரியாவோ இருக்கக்கூடாது. முழுநேர சம்பளத்துக்கு யார்கிட்டயும் வேலை பார்க்கக்கூடாது. போகணும்னா பிராக்டீஸை நிறுத்தி வைக்கறேன்னு பார் கவுன்சிலுக்கு எழுதிக் குடுத்துட்டுப் போகணும். மின்வாரியத்துல சட்ட அதிகாரியா சம்பளம் வாங்கறவர் வக்கீலா பதிவு பண்ணிக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2001-ல ஒரு இமாசலப் பிரதேச வழக்குல சொல்லிடுச்சு. 2025 அக்டோபர்ல இன்னொரு படி மேல. கட்சிக்காரர் வக்கீல்கிட்ட சொல்ற ரகசியத்துக்கு சாட்சியச் சட்டம் குடுக்கற முழுப் பாதுகாப்பு கம்பெனி சம்பள வக்கீலுக்குக் கிடையாது, ஏன்னா அவர் கோர்ட்ல பிராக்டீஸ் பண்ற வக்கீல் இல்ல. அவருக்கு இருக்கறது ஒரு குறுகின பாதுகாப்பு மட்டும். அதே வருஷம் மே மாசம், சிவில் நீதிபதி பரிட்சை எழுத மூணு வருஷ பிராக்டீஸ் கட்டாயம்னு வந்தாச்சு. படிச்சதும் நேரா கம்பெனிக்குப் போற பிள்ளைக்கு அந்தக் கதவு அப்பவே மூடிக்கும்.

நான் நாளைக்கே மேனேஜர் ஆனாலும் என் இன்ஜினியர் பட்டத்தை யாரும் புடுங்க மாட்டாங்க. வக்கீலுக்கு மட்டும்தான் தொழிலையே கழட்டி வெச்சுட்டு உள்ள வான்னு சொல்றாங்க.

சரி, உள்ள போனா சிம்மாசனமா? அதுவும் இல்ல. 2013 கம்பெனி சட்டம் 203-வது பிரிவு, பங்குச்சந்தையில இருக்கற கம்பெனிங்க கட்டாயம் வெச்சிருக்க வேண்டிய முக்கிய அதிகாரிங்க யார் யார்னு சொல்லுது. தலைமை நிர்வாகி உண்டு, கம்பெனி செக்ரட்டரி உண்டு, நிதி அதிகாரி உண்டு. சட்டத் தலைவர்ங்கற பேரே இல்ல. சட்டமே சட்டக்காரனை மறந்துடுச்சு! நம்ம நாட்டுக் கம்பெனிங்க நெறைய லீகல் ஆளை தீயணைப்பு சிலிண்டர் மாதிரித்தான் வெச்சிருக்கு. செவத்துல தொங்கும், தீப்புடிச்சாத்தான் கையில எடுப்பாங்க.

அமெரிக்காவுல இந்தப் பாதை கொஞ்சம் நடந்து தேஞ்ச பாதை. கென்னத் ஃப்ரேசியர்னு ஒருத்தர். பிலடெல்பியாவுல துப்புரவு வேலை பார்த்தவரோட பையன். ஹார்வர்டுல சட்டம், வக்கீல் தொழில், 1992-ல மெர்க் மருந்துக் கம்பெனி, பிறகு அங்கேயே தலைமை வக்கீல். 2004-ல வையாக்ஸ்ங்கற வலி மாத்திரை மாரடைப்பு ஆபத்தைக் கூட்டுதுன்னு மெர்க் வாபஸ் வாங்க, ஆயிரக்கணக்குல வழக்கு. மொத்தமா சமாதானம் பேசாம ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியா கோர்ட்ல நடத்தி, 2007-ல 485 கோடி டாலருக்கு முடிச்சார். சந்தை அதைவிடப் பல மடங்கு பயந்துக்கிட்டு இருந்துச்சு. 2011-ல கம்பெனியோட தலைமை நாற்காலியே அவருக்கு வந்தது, 2021 வரைக்கும். எல்லா மேனேஜ்மெண்ட் புத்தகத்துலயும் இது வெற்றிக் கதை. மாத்திரை சாப்பிட்டு நெஞ்சைப் புடிச்சவங்க வீட்டுல உக்காந்து படிச்சா இவ்வளவு இனிப்பா இருக்காதுன்னு எனக்கு ஒரு நெருடல். கோர்ட்டுல ஒவ்வொருத்தரா நிக்க வெச்சது திறமைதான். யாரை நிக்க வெச்சார்ங்கறதும் கணக்குல வரணும்.

அந்த நெருடல்தான் என்னை மறுபடி அரியலூருக்குக் கூட்டிட்டு வருது.

என் அத்தை பையன் திருச்சியில சட்டம் முடிச்சுட்டு நிக்கறான். ஒரு பெரிய கம்பெனியோட நிலம், குத்தகை பார்க்கற லீகல் பிரிவுல வேலை கூப்புடறாங்க. இந்தப் பக்கம் உள்ளூர் சீனியர்கிட்ட ஜூனியரா சேரலாம். 2024 ஜூன்ல மெட்ராஸ் ஹைகோர்ட் ஜூனியருங்களுக்குக் குறைஞ்சபட்ச உதவித்தொகை சென்னை, மதுரை, கோவையில 20,000, மத்த ஊர்ல 15,000 குடுக்கச் சொன்னாங்க. நம்ம ஊர் 'மத்த ஊர்'. கம்பெனிச் சம்பளம் இதைவிட எவ்வளவோ மேல. அத்தைக்குக் கேள்வியே இல்ல, கம்பெனிதான். மாமா, "நம்ம ஊர் நிலத்தை நம்ம பையனே எழுதி வாங்கிக் குடுக்கணுமாடா"ன்னு ஒரே கேள்வியில எல்லாரையும் வாயடைச்சுட்டார். மாமா கேட்டது சும்மா இல்ல. ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்குன்னு 1990-கள்ல எடுத்த நிலத்துக்கு ஜனங்க எத்தனை வருஷம் இழப்பீட்டுக்காக கோர்ட் ஏறி எறங்கினாங்கன்னு இந்தப் பக்கம் இருக்கற எல்லாருக்கும் தெரியும். நட்டவன் ஒருத்தன், பட்டா ஒருத்தன் பேர்ல, அனுபவம் இன்னொருத்தன் கையில. இதைப் புரிஞ்ச ஆள் எழுதற மேசையில இல்லாததுதான் பாதிப் பிரச்சனை.

அவனுக்கு நான் சொன்னது இதான். மூணு வருஷம் இங்க கோர்ட்ல நில்லு. சிட்டா, அடங்கல், அ-பதிவேடு, கிராமக் கணக்கு, யாரு யாருக்குப் பங்காளி, எந்தப் புறம்போக்குல நெசமா ஆடு மேயுது, இதெல்லாம் காதுல ஏறட்டும். நீதிபதி பரிட்சைக் கதவும் திறந்தே இருக்கும். அப்புறம் கம்பெனிக்குப் போ, கண்டிப்பா போ. போனா மூலையில தொண்டையைச் செருமிக்கிட்டு உக்காராதே, நடத்தற நாற்காலியைப் பாத்து நட. குத்தகைப் பத்திரத்தோட முதல் நகலை எழுதறவனா இரு, இருபது வருஷம் கழிச்சு அதே பத்திரத்தைக் காப்பாத்த வாதாடறவனா இருக்காதே. கம்பெனி குடுக்கற சம்பளத்துக்குக் கம்பெனி பக்கம்தான் நிப்பே, அதுல வேஷம் வேணாம். ஆனா கல்லு எடுக்கற நிலத்துக்காரனுக்கு முதல் நாளே நியாயமா எழுதறது கம்பெனிக்கும் லாபம்னு உள்ள உக்காந்து சொல்ல ஒருத்தன் வேணும். அதை வெளியூர்லேர்ந்து வர்ற ஆள் சொல்ல மாட்டார், அவருக்கு அந்த சர்வே நம்பர் வெறும் நம்பர்.

மாமா பாதி சமாதானம். அத்தை என்கூட ஒரு வாரம் பேசல :-( பையன் ஒரு சீனியர்கிட்ட சேர்ந்துட்டான். போன வாரம் போன் பண்ணப்ப எடுக்கல. அப்புறம் மெசேஜ் அனுப்பினான்: செந்துறைப் பக்கம் வரப்புத் தகராறு ஒண்ணு, சர்வேயர் சங்கிலியோட நிக்கறார், சாயங்காலம் பேசறேன்னு.